மூணு "போயிட்டு வரேன்"

இது கட்டுக்கதை இல்ல. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. இருட்டுல பாம்புன்னு யாராவது கத்தினா, டார்ச்சை எடுத்துக்கிட்டு முதல்ல போறவ அவ. பூமிக்கு நானூறு கிலோமீட்டர் மேல சுத்திக்கிட்டே இருக்கிற ஒரு நிலையத்துல ஆறு மாசம் இருந்தா. இப்பவும் வீட்டுக் கதவை யாராவது மூணு தடவை தட்டினா அவ திறக்கிறதில்ல. நான்தான் போகணும்.

அங்கே தூக்கம் சுவர்ல கட்டின பைக்குள்ள. ஒரு நாளைக்குப் பதினாறு தடவை விடியும், பதினாறு தடவை இருட்டும். வேலை இல்லன்னா ஜன்னல்ல முகத்தை ஒட்டிக்கிட்டு பூமியைப் பார்ப்பாளாம். "நீலம்னா என்னன்னு அங்கதான்டா தெரிஞ்சுது"ம்பா.

மேல இருந்தது மூணே பேர். அக்கா, கமாண்டர், ஒரு மெக்கானிக் தம்பி. அன்னிக்கு ஆண்கள் ரெண்டு பேரும் பழுது பார்க்க வெளியே போனாங்க. போற வழியில ஒரு சின்ன அறை. அதுக்கு ரெண்டு கதவு. வெளிக்கதவு வானத்தைப் பார்த்து. உள்கதவுக்கு இந்தப் பக்கம் அக்கா. அவங்க திரும்பி அறைக்குள்ள வந்ததும் உள்கதவை மூணு தடவை தட்டணும். உடனே அக்கா சுவிட்சை அழுத்தி வெளிக்கதவை மூடணும். ஒருதடவை மூடிட்டா, திரும்பத் திறக்க ஒரு மணி நேரம் ஆகும்.

காலை 11:06. கிளம்பினாங்க.

"போயிட்டு வரேன்மா." கமாண்டர்.

"போயிட்டு வரேன்க்கா." தம்பி.

"போயிட்டு வரேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "எத்தனை தடவைடா சொல்லுவ?"

"நான் ஒரு தடவைதானேக்கா சொன்னேன்?"

ரேடியோ எதிரொலின்னு விட்டுட்டா.

11:49. சூரியன் மறைஞ்சுது. வெளியே கும்மிருட்டு. பூமி இருந்த இடமே தெரியல.

11:52. ரேடியோ கொரகொரன்னு இழுத்துச்சு... செத்துப்போச்சு. அவங்க முதுகுல இருந்த காத்து இன்னும் நாற்பது நிமிஷத்துக்குத்தான்.

11:54.

டொக். டொக். டொக்.

அப்பாடா, வந்துட்டாங்கன்னு நினைச்சா. கட்டைவிரல் சுவிட்சு மேல போயிடுச்சு. கதவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதுல ஒரு தடவை எட்டிப் பார்த்தா.

ஒரு ஹெல்மெட். ஒண்ணே ஒண்ணு.

ஹெல்மெட்டோட முன்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். முகம் தெரியாது. சுத்தி இருக்கிறதுதான் தெரியும். அதுல பூமி தெரிஞ்சுது. நீலமா... வெள்ளை மேகத்தோட... பட்டப்பகல் பூமி.

வெளியே கும்மிருட்டு.

டொக். டொக். டொக்.

விரல் இன்னும் சுவிட்சு மேலதான். நிஜமாவே தம்பியா இருந்தா? மூடலைன்னா உயிர் போயிடுமே...

"சார்!"

ஹெல்மெட் அசையாம நின்னுச்சு.

"தம்பி!"

ஹெல்மெட் மெதுவா... ஆமான்னு தலையாட்டுச்சு.

காத்தே இல்லாத அந்த அறைக்குள்ள அவ குரல் கேட்கவே கேட்காது. அக்கா கையை எடுத்துட்டா.

11:57. ரேடியோ வந்துச்சு. "அக்கா, கேக்குதா? நாங்க இன்னும் கடைசி முனையிலதான் இருக்கோம். வர இருபது நிமிஷம் ஆகும்."

கண்ணாடியில யாரும் இல்ல.

12:19. மூணு தட்டு. ரெண்டு ஹெல்மெட். ரெண்டுலயும் இருட்டு. அழுதுக்கிட்டேதான் சுவிட்சை அழுத்தினாளாம்.

கீழே வந்த பிறகு, தட்டுற சத்தம் கேட்டுச்சுன்னு மட்டும்தான் விசாரணையில சொன்னா. ஹெல்மெட் விஷயத்தை ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. பைத்தியம்னு எழுதிட்டா அப்புறம் பறக்கவே விடமாட்டாங்களே.

தரையிலிருந்து ரேடியோவுல பேசுறவர் ஒருத்தர். அவரும் ஒரு காலத்துல மேல போயிட்டு வந்தவர்தான். வராந்தாவுல அக்காவை நிறுத்தினார்.

"ஹெல்மெட்டுல பூமி நீலமா இருந்துச்சாம்மா?"

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அவர் தன்னோட வலது கட்டைவிரலையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"பதினோரு வருஷம் முன்னாடி... அதே கதவு. நான் மூடிட்டேன்மா. என் ஆளுங்க ரெண்டு பேரும் வெளியே இருந்தாங்க."

அக்கா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அவங்கதான் சார்... என்கிட்ட வந்தாங்களா?"

அவர் இல்லைன்னு தலையாட்டினார்.

"அவங்க கிளம்பினப்போ பதிவான டேப்பை அப்புறம் கேட்டேன். போனது ரெண்டு பேர்தான்மா. அதுலயும் மூணு 'போயிட்டு வரேன்' இருக்கு."