நிற்கும்போது ஏறும் முள்

ஊரில் வேகமாக வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மெதுவாக ஓட்டத் தெரிந்தவர் நத்தை ஒருவர்தான். அவருடைய மந்தத்தைப் பார்த்து யாரும் அந்தப் பெயரை வைக்கவில்லை. உத்தியோகம் வைத்த பெயர் அது. ஊர் நலச் சங்கத்துக்குச் சொந்தமான அமரர் ஊர்தியை அவர் ஓட்டினார். நீளமான பழைய கார் ஒன்றின் பின்பாதியை வெட்டிக் கண்ணாடி பதித்துச் செய்த வண்டி. பின்னால் உறவினர்கள் நடந்து வருவார்கள். அவர்களில் மிகவும் வயதானவரின் முழங்கால் என்ன வேகம் சொல்கிறதோ, வண்டி அந்த வேகத்தில் உருள வேண்டும். அவசரமாகக் கொண்டுபோவதற்கு ஆம்புலன்ஸ் இருக்கிறது. அந்த அவசரமெல்லாம் பலிக்காமல் போனவர்களே நத்தையிடம் வந்து சேர்ந்தார்கள்.

இப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. ஓடினால் சுகம், நின்றால் காய்ச்சல். சாலையில் விரட்டிக்கொண்டு போனால் சூடு காட்டும் முள் பாதியில் சமத்தாகப் படுத்திருக்கும். நிறுத்தி என்ஜினை ஓடவிட்டாலோ, நடைவேகத்தில் உருட்டினாலோ, மெல்ல எழுந்து சிவப்பை நோக்கி நடக்க ஆரம்பிக்கும். வேறு எந்தக் காருக்கு வந்திருந்தாலும் இது அரை வியாதிதான். நின்றும் உருண்டுமே பிழைக்கிற காருக்கு இது முழு வியாதி.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரைக் கொண்டுபோன அன்று பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. தாமதமாக வந்தவர்களை ஆயுள் முழுக்க வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த மனிதர் அவர். அவரிடம் படித்தவர்களே பின்னால் கை கொடுத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். எல்லோருமாகத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தச் செய்தி நத்தையின் அண்ணன் காதுக்கும் போயிற்று. அண்ணன் தையற்காரர். கடைத்தெரு முனையில் கடை. நுரையீரல் கெட்டுப்போய், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முன்னறையில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தவருக்கு மூச்சுதான் குறைந்திருந்தது, பேச்சு குறையவில்லை.

"வாத்தியாரைத் தள்ளிக்கிட்டுப் போனாங்களாமே?"

"ஆமாண்ணே."

"என்னை எப்படி, தள்ளிக்கிட்டா, இழுத்துக்கிட்டா?"

"சும்மா இருங்கண்ணே."

"நான் சும்மா இருக்கப்போறதைப் பத்தித்தான்டா பேச்சே. கேளு. எங்க வேணா நிறுத்து, கடைத்தெரு முனையில மட்டும் நிறுத்தாதே. அங்க இருக்கிறவன் துணி பூரா நம்ம கடையில தைக்காம கிடக்குது. வண்டி நின்னுச்சுன்னா ஒவ்வொருத்தனும் கண்ணாடிக்குள்ள எட்டிப் பார்த்து, 'என் சட்டை என்னாச்சு'ன்னு கேப்பான். பதில் சொல்ற நிலைமையிலயா நான் இருப்பேன்?"

கதவருகே நின்ற அண்ணி, "உசிரோட இருந்தப்ப மட்டும் பதில் சொல்லிக் கிழிச்சீங்களாக்கும்" என்றார்.

மூவரும் சிரித்தார்கள். அண்ணனுக்குச் சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. அடங்கியதும் அவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "விளையாட்டுக்குச் சொல்லலடா. நிறுத்தாம கொண்டுபோயிடு" என்றார். நத்தை சரி என்று தலையாட்டினார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது தன் கையில் இல்லை என்பது தலையை ஆட்டும்போதே அவருக்குத் தெரியும்.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் கெட்டிக்காரர்தான். வண்டியை வாங்கிக்கொண்டு போய்ச் சாலையில் ஒரு விரட்டு விரட்டிவிட்டு வந்தார்.

"முள்ளு அசையவே இல்லையேண்ணே. வண்டி கல்லு மாதிரி இருக்கு."

"ஓடும்போது நல்லாத்தான் இருக்கும். நிக்கும்போதுதான் ஏறுது."

"அப்ப நிறுத்தாதீங்க."

"என் பொழப்பே நிக்கிறதுதானேப்பா. இங்கயே கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாரேன், உனக்கே தெரியும்."

மெக்கானிக் கடை வாசலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்கண்ணே. கஸ்டமர் வர்ற நேரம். இது வாசல்ல நின்னா எவன் உள்ள வருவான்?"

சிக்கல் இதுதான். வண்டி நின்றால்தான் நோய் தெரியும். வண்டியை நிற்கவைக்கத்தான் எந்த வைத்தியரும் தயாராக இல்லை. ஆளாளுக்கு ஊகத்தில் மருந்து கொடுத்தார்கள். ஒருவர் தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினார். இன்னொருவர் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். மூன்றாமவர் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது என்று கூலன்ட்டை இறக்கி மறுபடி ஊற்றினார். எல்லோரும் தவறாமல் கேட்ட கேள்வி, "ஃபேன் சுத்துதா?" பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். சுற்றும். "அப்ப ஃபேன் இல்லை" என்று முடிவுகட்டிவிட்டு வண்டியை எடுக்கச் சொல்வார்கள்.

தானே பார்த்துவிடுவதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நத்தை வண்டியைத் தன் தெருவில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முள் அசைவதற்குள் தெரு அசைந்தது. கதவுகள் திறந்தன. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தபடியே வந்து, "எப்போ?" என்றார். "யாரும் இல்லைம்மா, வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை" என்று நத்தை சொன்னதை அவர் நம்பவில்லை. எதிர்வீட்டு மாடியில் நெடுநாளாகப் படுக்கையில் இருந்த தாத்தா சன்னலுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் இன்னும் இருக்கேன்டா!" என்று கத்தினார். அவர் மகன் இறங்கி வந்து, மரியாதை குறையாமல், வண்டியை எடுக்கச் சொன்னான். முள் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. நத்தை எடுத்துவிட்டார்.

சங்கத்தின் ஷெட்டில் நிறுத்திப் பார்க்கலாமென்றால், காவலாளி டீசல் வீணாகிறது என்று செயலாளரிடம் சொல்லிவிட்டார். செயலாளர் கூப்பிட்டு விசாரித்தார். "ஓடுதா இல்லையா?" "ஓடுது சார்." "பிறகென்ன?" விசாரணை அத்தோடு முடிந்தது.

கடைசியில் லாரி ஓட்டும் நண்பர் ஒருவர் வழி சொன்னார். "ஹீட்டரை முழுசா வச்சிரு. என்ஜின் சூட்டைக் கொஞ்சம் உன் பக்கம் இழுத்துக்கும். வண்டி பிழைச்சுக்கும், நீதான் வேகணும்." நத்தை செய்து பார்த்தார். வண்டி முன்பைவிடச் சற்று நேரம் தாங்கியது. மருந்து என்று சொல்ல முடியாது. நோயாளியின் ஜுரத்தை வைத்தியர் தன் தலையில் ஏற்றிக்கொள்வது போல. வேறு வழி இல்லாதவருக்கு அதுவே பெரிய கண்டுபிடிப்பு.

அண்ணன் ஒரு காலையில் போய்விட்டார். பிற்பகலில் எடுத்தார்கள்.

அண்ணி முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். தாய்மாமா தலைமையில் உறவுக்கூட்டம் பின்னால் நடந்தது. மாமாவுக்கு மூட்டுவலி, வண்டி மூட்டுவலியின் வேகத்தில் போயிற்று. நத்தை ஹீட்டரை முழுதாகத் திருப்பியிருந்தார். முகத்தில் வழிந்ததில் கண்ணீர் எது, வியர்வை எது என்று அவருக்கே தெரியவில்லை.

"என்னப்பா உள்ள இப்படி வேகுது?"

"ஹீட்டர் போட்டிருக்கேன் அண்ணி."

"இந்த வெயில்லயா? ஏன், அவருக்குக் குளிருதா?"

நத்தை காரணத்தைச் சொன்னார். அண்ணி முள்ளைப் பார்த்தார். அதன்பிறகு அவரும் முள்ளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது அது முக்காலில் இருந்தது. முனையை நெருங்கும்போது சிவப்பைத் தொட்டது. மூடிக்கிடந்த தையல் கடை இடதுபக்கம் வந்தது. அக்கம்பக்கத்து வாசல்களில் கடைக்காரர்கள் கைகட்டி நின்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்காவது துணி வர வேண்டியிருந்தது.

"நின்னுடுமா?" என்றார் அண்ணி.

"இப்படியே உருட்டினா ரெண்டு கடை தாண்டாது. காத்து பட்டா இறங்கும். ஆனா அதுக்கு வேகமாப் போகணும் அண்ணி."

அண்ணி கண்ணாடியில் பின்னால் வருகிறவர்களைப் பார்த்தார். ஒரு கணம்தான். "அப்ப போ" என்றார்.

நத்தை மிதித்தார்.

இத்தனை வருஷத்தில் அந்த வண்டி அப்படிப் போய் யாரும் பார்த்ததில்லை. முதலில் பின்னால் வந்தவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள். அப்புறம் ஓடினார்கள். "டேய்! டேய்!" என்று மாமாவின் குரல் கேட்டது, யாருடைய செருப்போ அறுந்தது. கடைத்தெரு வாயைப் பிளந்து பார்க்க, அண்ணன் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் முனையைத் தாண்டினார். பாலம் ஏறி இறங்கியபோது முள் பாதிக்கு வந்திருந்தது.

சுடுகாட்டு வாசலில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. வழக்கம்போலப் பின்பக்கம் வாசலைப் பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினார். அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்ற பயத்தில் என்ஜினை ஓடவிட்டுவிட்டு இறங்கினார். ஆட்கள் வருகிறார்களா என்று பார்க்க, வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

முழங்காலுக்குப் பின்னால் அனல் அடித்தது. சட்டையின் நுனி முன்பக்கமாகப் படபடத்தது. திரும்பி, கிரில்லின் முன்னால் கையை நீட்டிப் பார்த்தார். காற்று வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே போக வேண்டிய காற்று.

ஓட்டுநர் ஓடும் வண்டிக்கு முன்னால் நிற்பதில்லை. மெக்கானிக்குகள் பக்கவாட்டில் நின்று பார்த்தார்கள். ஃபேன் சுற்றுகிறதா என்று எல்லோரும் கேட்டார்கள். எந்தப் பக்கம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. போன வருஷம் ஃபேன் மோட்டார் மாற்றிய எலக்ட்ரீஷியன், அமரர் ஊர்தி தன் கடை வாசலில் நிற்கிற பதற்றத்தில், இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தார். ஓடும்போது எதிர்க்காற்று ஃபேனை ஜெயித்தது. நின்றபோது ஃபேன் ஜெயித்து, என்ஜின் சூட்டையே ரேடியேட்டருக்குள் ஊதித் தள்ளியது. திருத்துவது அரை நாழிகை வேலை. அதுவும் எந்த இடத்திலாவது வண்டியைக் கொஞ்ச நேரம் நிற்க விட்டிருந்தால். அதற்கு ஆட்சேபணை சொல்லாத இடம் இது ஒன்றுதான்.

மாமா யாருடைய ஸ்கூட்டரிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னாலேயே மற்றவர்கள், மூச்சு வாங்கிக்கொண்டு.

"பொணத்தைத் தூக்கிட்டு ஓடினவனை இப்பதான்டா பார்க்குறேன்! கூடப் பொறந்தவனாடா நீ?"

"ஃபேன் தலைகீழாச் சுத்துது மாமா" என்றார் நத்தை. "காத்தை இழுக்கணும். இது தள்ளுது."

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதனால?"

"அதனாலதான்..."

"நான்தான் மாமா போகச் சொன்னேன்" என்றார் அண்ணி. மாமா அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து தூக்கினார்கள். நத்தை ஒரு பக்கம் தோள் கொடுக்கப் போனபோது, "நீ விடு" என்று மாமா அவர் கையை எடுத்துவிட்டார். ஒரு ஆள் குறைந்தது. வாசல் காவலாளியைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். அண்ணனை ஒருநாளும் பார்த்திராத அந்த ஆள், பீடியைக் கீழே போட்டுவிட்டு வந்து தோள் கொடுத்தார்.

உள்ளே போகக் கிளம்பிய அண்ணி நின்றார். "என்ன அது, தலைகீழா?"

நத்தை விளக்கினார். அண்ணி முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணி."

அண்ணி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் உள்ளே போனார். நத்தை வாசலிலேயே நின்றார். உள்ளே வரலாம் என்றோ வரக்கூடாது என்றோ அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.