இடது விளிம்பிலிருந்து அளந்த துளை

அரச திணைக்களமொன்றில் படவரைஞனாக இருந்து ஓய்வுபெற்ற பின்னர், மருதனார்மடத்துக்கு அருகே உள்ள ஒரு பட்டறைக்குக் கணினியில் வரைபடம் செய்து கொடுத்து வருகிறேன். நெல்லியடியில் கல்லூரிப் படிப்பு; வரைபலகையில் முப்பது ஆண்டுகள். என் படத்தில் பிழை பிடித்தவர் எவருமில்லை என்று நானே பலருக்கும் சொல்லியிருக்கிறேன்.

தோட்டக் கிணறுகளில் நீரிறைக்கும் மோட்டருக்கு இரும்புத் தாங்கி ஒன்றை வரைய வேண்டியிருந்தது. ஒருமுறை வரைந்துவிட்டால், அகலத்தை மட்டும் மாற்றிப் பல மோட்டர்களுக்கும் பயன்படுத்தலாம். அத்தகைய உறுப்பில், அளவுகள் எந்தத் தளத்திலிருந்து புறப்படுகின்றன என்பதே முதற் கேள்வி. பலகைப் பழக்கத்தில் நான் இடது விளிம்பையே ஆதாரத் தளமாகக் கொண்டேன். துளை அங்கிருந்து நாற்பது மில்லிமீற்றர். எண்பது அகலத்துக்கு அதுவே நடு.

துளையிடுபவர் ஐம்பதைக் கடந்தவர். படத்தைப் பார்த்துத் தயங்கினார்.

“ஐயா, நான் நடுக்கோடு கீறிப்போட்டுத்தான் துளைக்கிறனான். உதிலையும் நடுவிலை பிடிக்க ஏலாதோ?”

“உது கணினி. உம்மடை வெண்கட்டி வேலையில்லை. கோடு ஒண்டும் கீற வேண்டாம். விளிம்பிலையிருந்து படத்திலை உள்ளபடி அளந்து துளையும்.”

“ஓம் ஐயா.”

அடுத்த மாதம் பெரிய மோட்டருக்காக அகலத்தை எண்பத்தாறாக்கினேன். தாங்கி வலப்பக்கமாக நீண்டது. துளை புதிய நடுவுக்கு நகராமல் நாற்பதிலேயே நின்றது. நான் கவனிக்கவில்லை. பன்னிரண்டு தாங்கிகள் துளைக்கப்பட்டன. ஒன்றிலும் மோட்டர் நேராக அமரவில்லை.

“என்ன அண்ணை, பன்னிரண்டையும் கண்ணை மூடிக்கொண்டோ துளைச்சனீங்கள்?” என்று முதலாளி துளையிடுபவர்மீது பாய்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஐயா, அந்தப் படத்தை ஒருக்காக் காட்டுங்கோ.”

துளையிடுபவரிடமிருந்த படம் எண்ணெயில் ஊறிக் கிழிந்து குப்பைக்குப் போயிருந்தது. நான் உள்ளே சென்றேன். திரையைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. நாற்பதை நாற்பத்து மூன்றாக்கி, அச்செடுத்து, கொண்டுவந்து நீட்டினேன்.

துளையிடுபவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நாப்பது எண்டெல்லோ கண்டனான்… என்ரை கண்தான் பிழை போலை.”

‘பிழை என்னுடையது.’ இரண்டே சொற்கள். முப்பது ஆண்டுப் பெயர் அவற்றைச் சொல்ல விடவில்லை.

அன்று மாலையே ஆதாரத் தளத்தைத் தாங்கியின் நடுவுக்கு மாற்றினேன், அவர் கேட்டபடியே. இப்போது அகலம் இரு பக்கமும் சமமாக விரிகிறது. துளை நடுவை விட்டு அசைவதில்லை. “ஐயாவின்ரை படம் ஒரு நூலும் பிசகாது” என்று முதலாளி வருவோருக்கெல்லாம் சொல்கிறார்.

சென்ற கிழமை, உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்துடன் துளையிடுபவரிடம் போனேன். நல்லூரில் வாங்கிய கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெறுங்கண்ணால் அளவுகோலைப் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாகக் கீழே இறக்கினார்.

“இது போட்டாப் பிறகு ஒரு பிழையும் வரேல்லை ஐயா. அண்டைக்கு உங்கடை பேருக்கும் கரைச்சல் தந்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“பரவாயில்லை” என்றேன். அவரை மன்னித்துவிட்டு வீடு திரும்பினேன்.