கடிதத்தில் விட்டுப்போன மலை

இசோகிச்சி நல்லவன்தான். அதில் எங்கள் தீவில் இரண்டு பேச்சு கிடையாது. ஆனாலும் எழுபத்து நாலாம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் சுவனோசேயின் பதினாறு வீடும் இரண்டு நாள் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்ததற்கு, அந்த நல்லவன் கைப்பட எழுதிய மூன்று பக்கக் கடிதம்தான் காரணம்.

அவனுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பதினோரு மாடுகள், சரிவில் ஒரு சர்க்கரைவள்ளித் தோட்டம், வெயில் காலம் தொடங்கினால் பறக்கும் கோலா மீன் பிடிப்பு. மனைவி ஷிமே வாய்க்காரி. மகள் கயோவுக்கு எட்டு வயது. ஊர்க் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு எழுந்து போகிற ஆள். கப்பல் வருகிற நாளில் மட்டும் அவன் வேறு மனிதன்.

எங்கள் கரையில் கப்பல் ஒதுங்க இடம் ஏது? சுற்றிலும் செங்குத்துப் பாறை. கப்பல் எட்டவே நிற்கும். இங்கிருந்து படகு போகும். கப்பலின் பக்கவாட்டில் ஓர் ஏணி தொங்கும். அலை படகைத் தூக்கிக் கொடுக்கிற அந்த ஒரு நொடியில் ஏணியிலிருந்து குதிக்க வேண்டும். படகின் முன்முனையில் காலை அகட்டி நின்றுகொண்டு, "இப்போ!" என்று கத்தி, குதிக்கிறவரை அக்குளில் கைகொடுத்து வாங்குகிறவன் இசோகிச்சி. பதினெட்டு வருஷத்தில் ஒன்பது வாத்தியார்களை வாங்கியிருக்கிறான். ஒரு புத்த பிக்குவை, பிரசவத்துக்குப் போய்ப் பிள்ளையோடு திரும்பிய பெண்களை, பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்தைக்கூட வாங்கியிருக்கிறான். ஒருவரும் கடலில் விழுந்ததில்லை. காளை ஒன்று விழுந்தது. அதை அவனிடம் கேட்கக் கூடாது.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கண்டம் வந்தது. பிள்ளைகள் இருந்த இரண்டு குடும்பங்கள் பெரிய ஊருக்குப் போய்விட்டதால் மிச்சம் கயோ ஒருத்திதான். ஏப்ரலில் வகுப்பு தொடங்கும்போது மூன்று பிள்ளைகளாவது இல்லாவிட்டால் பூட்டுப் போட்டுவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது. பூட்டினால் கயோ வடக்கே நகனோ தீவில் யார் வீட்டிலாவது தங்கிப் படிக்க வேண்டும்.

"எட்டு வயசுப் பிள்ளையைத் தனியா அனுப்ப நான் என்ன கல்லா?" என்றாள் ஷிமே. "அவ போனா நானும் போறேன். நீங்க உங்க மாட்டைக் கட்டிக்கிட்டு இங்கேயே இருங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும். முன்னே போன இரண்டு குடும்பங்களிலும் பேச்சு இப்படித்தான் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் தெய்வம் போல ஒசாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹிராசே என்று ஒருவர், தகரப் பட்டறைத் தொழிலாளி. பட்டறையை மூடப் போகிறார்களாம். தீவுகளில் குடியேற ஆள் தேவை என்று பேப்பரில் பார்த்தாராம். மனைவி, மூன்று பிள்ளைகள், மூன்றும் பள்ளிக்கூட வயது. சுவனோசேயில் மின்சாரம் உண்டா, வைத்தியர் உண்டா, பாம்பு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். ஊர்க் கூட்டத்தில் பதில் எழுதும் வேலை இசோகிச்சியின் தலையில் விழுந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அவனும் குறை வைக்காமல் எழுதினான். மின்சாரம் சாயங்காலம் நாலு மணி நேரம். வைத்தியர் இல்லை, ஒரு நர்ஸ் உண்டு. விஷப்பாம்பு தெற்கே கொதகரா, தகரா இரண்டு தீவுகளோடு சரி, நம்மிடம் மருந்துக்குக்கூடக் கிடையாது. வசந்தத்தில் மூங்கில் குருத்து வேண்டிய மட்டும் கிடைக்கும். முடிவில், "மொத்தத்தில் அமைதியான இடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வருகிறோம் என்று பதில் வந்ததும் ஊரே அவன் முதுகில் தட்டிக்கொடுத்தது.

கப்பல் வரும் நாள் காலையில் எல்லாரும் துறையில் கூடினோம். வாத்தியார் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கயோ விடிந்ததிலிருந்து அங்கேதான். கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது, இருந்தாலும் படகு இறக்கலாம் போலத்தான் தெரிந்தது. கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. மேல்தளத்தில் ஐந்து தலைகளும் தெரிந்தன.

அப்போது பார்த்து மலை இடித்தது. வாரத்துக்கு நாலு நாள் இடிக்கிற மலைதான், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அன்று அதற்கு என்ன வந்ததோ, பெரிய வேட்டு ஒன்று போட்டுக் கரும்புகையை அரை வானத்துக்கு எழுப்பியது. காற்று புகையைக் கடல் பக்கம் தள்ளியது. சாம்பலும் விழுந்து அலையும் கூடியதால், கப்பல் இரண்டு தடவை ஊதியது. ஆள் இறக்கவில்லை, தாண்டிப் போகிறேன் என்று அர்த்தம். தைரா, அகுசெகி, கொதகரா என்று வரிசையாகப் போய், கடைசித் தீவான தகராவில் தங்கிவிட்டு, மறுநாள் திரும்பும்போதுதான் இனி இங்கே வரும்.

"பெண் பார்க்க வர்றவங்க வாசப்படி ஏறும்போதா சித்தப்பன் குடிச்சிட்டுக் கூத்தாடணும்?" என்று மலையைப் பார்த்துச் சபித்தான் குமஹாச்சி. படகில் சுக்கான் பிடிக்கிறவன், இசோகிச்சியின் சின்ன வயதுக் கூட்டாளி.

"போகட்டும்," என்றாள் ஷிமே. "மலையைப் பத்தித்தான் கடுதாசியில விவரமா எழுதியிருப்பாரே. தெரிஞ்சுதானே கிளம்பி வந்திருக்காங்க. என்னங்க, எழுதினீங்கதானே?"

இசோகிச்சி தலையைச் சொறிந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அவங்க கேக்கலையே," என்றான்.

"என்னது?"

"மின்சாரம் கேட்டாங்க. பாம்பு கேட்டாங்க. மலையைப் பத்திக் கேக்கவே இல்ல. எனக்கும் ஞாபகம் வரல. கடல்ல உப்பு இருக்குன்னு யாராவது எழுதுவாங்களா?"

"எரிமலையை மறந்துட்டாராம்!" ஷிமே தலையில் அடித்துக்கொண்டாள். "மூங்கில் குருத்தை மறக்கல, எரிமலையை மறந்துட்டாராம்! கேட்டீங்களா வாத்தியாரே?"

வாத்தியார் அந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தவர். அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு கடலைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், கூட்டத்தில் கடிதத்தை உரக்கப் படித்தபோது நாங்கள் எல்லாருமே கேட்டுத் தலையாட்டினோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆனால் திட்டு முழுவதையும் இசோகிச்சிதான் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அப்போது தீவுக்கு ஒரே தொலைபேசி, கடையில். மத்தியானம் இசோகிச்சி பக்கத்துத் தீவான தைராவுக்குப் பேசினான். அங்கே படகு ஓட்டுகிறவன் சிரிப்பை அடக்க முடியாமல் பேசினான்.

"உங்க ஆளுங்களா? பாத்தோம் பாத்தோம். அந்த மனுஷன் கம்பியைப் பிடிச்சபடி உங்க மலையையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறான். எங்க சனங்க சும்மா இருப்பாங்களா? உங்க சாம்பல் நாங்க காயப்போட்ட மீன்ல விழுற கதையெல்லாம் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"ஏண்டா, நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்ன நல்லது இருக்கு சொல்ல?"

சாயங்காலம் தகராவிலிருந்து செய்தி வந்தது. அதில் சிரிப்பு இல்லை. இறங்காமல் நேரே, கப்பல் ஏறிய ககோஷிமாவுக்கே திரும்பிவிடலாமா என்று அந்த ஒசாகாக்காரர் கப்பல்காரர்களிடம் விசாரித்தாராம். இசோகிச்சி கடையை விட்டு இறங்கி நடந்தான். வீட்டுக்குப் போனால் ஷிமே திட்டவில்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. அவள் கயோவின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது நகனோ தீவுக் குளிருக்குத் தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடல் அடங்கியிருந்தது. மலையும் நல்ல பிள்ளையாக இருந்தது. உச்சியில் மெல்லிசாகப் புகை, அவ்வளவுதான்.

"அமுக்கமா இருப்போம்," என்று படகில் ஏறும்போது குமஹாச்சி யோசனை சொன்னான். "கேட்டா, நேத்து நடந்தது பத்து வருஷத்துக்கு ஒருக்க வர்றதுன்னு சொல்லிடுவோம். முதல்ல காலை மண்ணுல வைக்கட்டும். அப்புறம் கப்பல் போயிடும், எங்க ஓடிடுவாங்க?"

இசோகிச்சி முன்முனைக்குப் போய் நின்றான். பாதி தூரம் போனதும் திரும்பினான்.

"நான் சொல்லிடப் போறேன்டா. அவங்க ஏணியில நிக்கும்போதே."

"பைத்தியமா உனக்கு? உம் பொண்ணு, உம் பொண்டாட்டி, எல்லாம் கரையில நிக்குது!"

"தெரியும். ஆனா என் கையை நம்பித்தானே குதிக்கிறாங்க. குதிச்ச பிறகு சொன்னா அது ஏமாத்து வேலை. பிள்ளைங்களை வேற வச்சிருக்காங்க."

"போ, போய்ச் சொல்லு. பள்ளிக்கூடத்தை மூடிட்டு நீயும் நானும் அங்கே மாடு கட்டலாம்," என்றான் குமஹாச்சி. ஆனால் படகைத் திருப்பவில்லை. நேரே கப்பலின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

ஏணியின் மேல்முனையில் ஹிராசே நின்றிருந்தார், ஒல்லியான மனிதர், முகம் வெளுத்துக் கிடந்தது. பின்னால் மனைவி. நடுவில் மூன்று பிள்ளைகள், மூத்தது நெட்டையான பெண். இசோகிச்சி முன்முனையில் காலை ஊன்றிக்கொண்டு, ஊர்க் கூட்டத்தில் ஒருநாளும் எழுப்பாத குரலை எழுப்பினான்.

"ஐயா! கடுதாசி எழுதினது நான்தான்! ஒரு விஷயம் விட்டுப்போச்சு! அந்த மலை எரிமலை! வாரத்துக்கு நாலு நாள் இடிக்கும்! சாம்பல் விழும்! வீட்டுப் பக்கம் நெருப்பு வந்து என் வயசுக்கு நான் பாத்ததில்ல, ஆனா என் கொள்ளுத்தாத்தா காலத்துக்கு முன்னாடி வந்திருக்கு, அப்போ தீவே காலியாச்சு! இதைக் கேட்டுட்டு இஷ்டம் இருந்தா இறங்குங்க, இல்லேன்னா தப்பா நினைக்க மாட்டோம்!"

சொல்லி முடித்ததும், சாட்சி சொல்வது போல மலை ஒரு இடி இடித்தது. குமஹாச்சி சுக்கானில் நெற்றியை முட்டிக்கொண்டான். தீர்ந்தது கதை என்றே இசோகிச்சி நினைத்தான். கரையில் நின்ற கயோவைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மேலே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் புருஷனை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து, ஏணிக் கம்பியைப் பிடித்தபடி சிரித்தாள்.

"அண்ணே, காத்து எந்தப் பக்கம் அடிக்கும்? துணி காயப்போட எந்த மாசம் தோது?"

ஒசாகாப் பேச்சே இல்லை அது. அசல் தெற்கத்திப் பேச்சு, எங்கள் பேச்சுக்கு அக்கம்பக்கம். இசோகிச்சி வாயைப் பிளந்தான்.

"நான் பொறந்தது சகுராஜிமா அடிவாரத்துலண்ணே! நீங்க கப்பல் ஏறுற ககோஷிமாவுக்கு எதிர்க்க, நாள் முழுக்கப் புகையுதே, அந்த மலை! இவர் என்னைப் பெண் பார்க்க வர்றதுக்கு முன்னாடி, எங்க அப்பா இவருக்குக் கடுதாசியில வீட்டைப் பத்தி, தோட்டத்தைப் பத்தி, முள்ளங்கியைப் பத்தி எல்லாம் எழுதியிருந்தார். மலையைப் பத்தி ஒரு வரி இல்ல. புதுச் சட்டையில சாம்பலோட வந்து உட்கார்ந்தார் இந்த மனுஷன்! உங்க கடுதாசியைப் படிச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தப் பக்கத்துத் தீவுன்னா புகையுற மலை இருக்கும், இவங்க சொல்ல மறந்திருக்காங்கன்னா அது அவங்க வீட்டு மலை, பயந்து பயந்து வாழலைன்னு. அதனாலதான் இவர்கிட்ட கிளம்புங்கன்னேன்!"

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் ஹிராசே.

"சொன்னா வந்திருப்பீங்களா?"

அலை எழும்பியது. "இப்போ!" என்று கத்த இசோகிச்சிக்குக் குரல் வரவில்லை. குமஹாச்சிதான் கத்தினான். நெட்டைப் பெண் குதித்தாள், அவள் தம்பி குதித்தான், சின்னவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குதித்தான். அந்த அம்மாள் மூட்டையோடு வந்து இறங்கினாள். ஹிராசே மட்டும் ஏணியின் கடைசிப் படியில் நின்று மலையை ஒரு தடவை, பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்தார்.

"நான் பிடிச்சுக்கிறேன், வாங்க," என்றான் இசோகிச்சி, மெதுவாக. அவர் குதித்தார். நல்ல கனம். பட்டறையில் வேலை செய்த உடம்பு. இசோகிச்சி அவரைக் கீழே விடாமல் ஒரு நிமிஷம் கட்டிப்பிடித்தபடியே நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை ஒழியவில்லை.

"டேய், மனுஷனை மூச்சுவிட விடுடா," என்றான் குமஹாச்சி. அவன் மூக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

கரையில் ஷிமே அந்த அம்மாளின் மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். உயிர் போய் உயிர் வந்த முகம் அவளுக்கு. வாத்தியார் வரவேற்புரை எழுதிக்கொண்டு வந்திருந்தார். முதல் வரியைத் தாண்ட முடியாமல் அதையே மூன்று முறை படித்தார். கயோ நெட்டைப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். கிட்டே போனாள்.

"ஓடுவியா?"

"ஓடுவேன்."

"பள்ளிக்கூடம் வரைக்கும். அதோ, மேட்டுல."

இரண்டும் பாய்ந்தன. துறையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நல்ல ஏற்றம், மூங்கிலுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். போட்டிக்குத் தன் வயதில் ஆள் இல்லாமல், விளையாட்டு விழாவில் இரண்டு வருஷமாகத் தனியாக ஓடித் தனியாக முதல் பரிசு வாங்கியவள் கயோ. இசோகிச்சி படகை இழுத்துக் கட்டாமல், கயிறும் கையுமாக மேட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். மூங்கில் மறைவிலிருந்து முதலில் வெளியே வந்தது நெட்டைப் பெண். கயோ ஏழெட்டு அடி பின்னால், மூச்சிரைக்க, கோபத்தில் முகம் சிவந்து வந்தாள்.

"ஷிமே!" இசோகிச்சி கயிற்றைப் போட்டுவிட்டுக் கத்தினான். "தோத்துட்டாடி! நம்ம பொண்ணு தோத்துட்டா!"