பாடாத இடப்பக்கப் பெட்டி

மாமா எனக்கு விட்டுப்போனது தென்காசி பக்கம் மேலகரத்தில் ஒரு சின்ன வீடு, டேப் டெக்கோடு ஒரு ஆம்ப்ளிஃபயர், என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு பழைய ஸ்பீக்கர் பெட்டிகள். அம்மாவின் தம்பி அவர். துபாயில் ஒரு ஓட்டலில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது, ஊரைக் காலி செய்துகொண்டு போன யாரிடமோ வாங்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த பெட்டிகள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கும் ஆகவில்லை. அதனால்தான் வீட்டை என் பேருக்கு எழுதினார் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் என்னிடம் அப்படி எதுவும் சொன்னதில்லை. நாங்கள் அவ்வளவு பேசிப் பழகியவர்களும் இல்லை.

என்னுடையது மெடிக்கல் கோடிங் வேலை. எங்கிருந்தும் பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் சென்னை வாடகையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். வந்த நேரம் சாரல் காலம். வாசலில் குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் பாட்டு அலற ஓடிக்கொண்டே இருந்தன. ஈரத் துண்டுகளை ஜன்னலில் காயப்போட்டபடி திரும்பி வந்தன. சில நாட்களில் பால்காரரிடம் "நாளைக்கு ஒரு பாக்கெட் போதும்" என்று சொன்னதுதான் நான் வாய் திறந்து பேசிய ஒரே பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துப் போட்டேன். டேப் டெக்குக்குள் மாமா கடைசியாகக் கேட்ட கேசட் அப்படியே இருந்தது. ஏதோ கோயில் கச்சேரி, நாகஸ்வரம். வலப்பக்கப் பெட்டி நன்றாகப் பாடியது. இடப்பக்கம் சத்தமே இல்லை. தவில் எங்கோ தெருக்கோடியில் அடிப்பதுபோல லேசாகக் கேட்டது. துணையில்லாமல் நாகஸ்வரம் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு இரண்டு பெட்டிக்கும் போகிற வயர்களை இடம் மாற்றிப் போட்டேன். இப்போதும் இடப்பக்கப் பெட்டிதான் ஊமை. அப்படியென்றால் கோளாறு ஆம்ப்ளிஃபயரில் இல்லை, பெட்டியில். பின்பக்கம் விரல் நுனி அளவில் ஒரு கறுப்புத் திருகு இருந்தது. பழைய பெட்டிகளில் அதற்குள் ஃபியூஸ் இருக்கும் என்று போனில் படித்திருந்தேன். கரண்டைப் பிடுங்கிவிட்டுத் திருகைக் கழற்றினேன். கண்ணாடிக் குழாய் ஒன்று வந்து விழும், உள்ளே கம்பி கருகியிருக்கும் என்று நினைத்துக் கையை ஏந்தினேன்.

விழுந்தது ஒரு தீக்குச்சித் துண்டு. மருந்தை உடைத்துவிட்டு, அளவாக நறுக்கிய துண்டு.

வலப்பக்கப் பெட்டியின் ஃபியூஸை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் அதன் மூடியில் பொறித்திருந்ததைப் படித்து அதே அளவில் இரண்டு கொடுத்தார். தீக்குச்சியைக் காட்டியதும் சிரித்தார்.

"ஃபியூஸ் போச்சுன்னா வெள்ளித்தாளச் சுத்தி வைக்கிறவங்களப் பாத்திருக்கேன் யக்கா. அது ஆபத்து, பெட்டியே போயிரும். ஆனா இதுல கரண்டே போகாதுல்லா? இத எதுக்கு வச்சாவ?"

எனக்கும் தெரியவில்லை. மாமா எலக்ட்ரீஷியன், தெரியாமல் செய்திருக்க மாட்டார்.

புது ஃபியூஸைப் போட்டும் பெட்டி பாடவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபியூஸ் உட்காரும் பித்தளையில் பச்சைக் களிம்பு. சாரல் ஈரம் எதையும் விடுவதில்லை. உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்து, ஊதி, மறுபடி திருகினேன்.

தவில் வந்தது. வீடே அதிர்ந்தது. தனியாக நின்று சிரித்தேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இடப்பக்கப் பெட்டி அதை ஒட்டித்தான் நின்றது. அதுவரை கொடியில் துணி காயப்போடும்போது சிரித்ததோடு சரி.

"தாயி, தப்பா நினைக்காத. எங்க வீட்டுக்காரவுக பக்கவாதத்துல படுத்துக் கெடக்காவ. கட்டில் இந்தச் செவத்தோரமாத்தான் கெடக்கு. திமுதிமுன்னு கேட்டா பயந்து அழுதாவ."

ஓடிப்போய் அணைத்தேன். அக்கா உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தாள்.

"ஒங்க மாமாகிட்டயும் ஒருநாள் இப்படித்தான் வந்து சொன்னேன். சரிம்மான்னாவ. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் சத்தமே வரல. பாட்டுக் கேக்கதையே விட்டுட்டாவளோன்னு சங்கடமா இருந்துச்சு."

"விடலக்கா. ஒரு பெட்டியில மட்டும் கேட்டிருக்காங்க."

"இந்தப் பெட்டிக்குக் கரண்ட் போகாம இத வச்சிருக்காங்க," என்று தீக்குச்சித் துண்டைக் காட்டினேன். அக்கா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"பின் ரூமுக்கு மாத்தியிருக்கலாமே," என்றேன். அந்த அறைக்குப் பின்னால் வயல்தான், யாருக்கும் தொந்தரவில்லை.

"எப்படி மாத்துவாவ? முட்டுவலி. தனியா ஒரு ஆளு தூக்குத சாமானா இது? இன்னொரு முனையப் பிடிக்க ஆள் வேண்டாமா?" தீக்குச்சியை என்னிடம் திருப்பித் தந்தபடி சொன்னாள்: "என்னயக் கேட்டிருந்தா வந்து பிடிச்சிருப்பேன். கேக்கல."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். "வா, நீ அந்தப் பக்கம் பிடி."

இரண்டு பெட்டியும் பின் அறைக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. ஆம்ப்ளிஃபயரையும் டெக்கையும் கொண்டுபோய் வயர்களை மாட்டினேன். நாகஸ்வரமும் தவிலும் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டு வந்தன. அக்கா அறையின் வாசற்படியில் ஒரு காதை இங்கேயும் மறு காதைத் தன் வீட்டுப் பக்கமும் வைத்து நின்றாள்.

"நல்லாருக்கு," என்றாள். "அவுக முழிச்சிருப்பாவ. வாரேன்."

"உக்காருங்கக்கா, காப்பி போடுதேன்," என்றேன். சென்னைக்குப் போய் இத்தனை வருஷம் கழித்து, 'போடுதேன்' என்று என் வாயில் ஊர்ப்பேச்சு தானாக வந்தது.

"இன்னொரு நாளைக்கு," என்று சொல்லிப் போய்விட்டாள்.

கேசட்டின் அந்தப் பக்கம் முடிகிறவரை தரையில் உட்கார்ந்து கேட்டேன். முடிந்ததும் யாரோ கை தட்டினார்கள். பதிவு செய்த அன்று அங்கே இருந்தவர்கள். மாமாவும் ஒவ்வொரு தடவையும் இதைப் பாதிச் சத்தத்தில் கேட்டிருப்பார் என்று தோன்றியது. வெளியே சாரல் வலுத்திருந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.