பாய் அடித்த கடப்பாரையும் நான் சொன்ன யோசனையும்

எழுபதுகளின் தொடக்கத்தில் உலோகவியல் பட்டம் வாங்கிய கையோடு ஊருக்கு வந்திருந்தேன். மேல்படிப்புக்கு வெளிநாடு போக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதமும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? இல்லை.

அரூருக்குப் பக்கத்தில் தாய்மாமன் வெட்டிய கிணற்றில் பாறை குறுக்கிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த பாயிடம் கடப்பாரை அடிக்கச் சொன்னார். பாய் பழைய லாரி ஆக்சிலைக் காய்ச்சி அடிப்பார். கடைசியாக ஒருமுறை மங்கலாகச் சிவக்கும்வரை சூடேற்றிச் சட்டென்று தண்ணீரில் அமுக்குவார். நான் குறுக்கே புகுந்து, தண்ணீர் வேண்டாம், சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள், இரும்பு பதமாகும் என்றேன். பாய் தயங்கினார்.

"படிச்ச புள்ள சொல்றானில்ல, செய்ங்க பாய்" என்றார் மாமா.

மூன்றாம் நாள் கடப்பாரை இரண்டாக முறிந்தது. பாய் உளுத்த இரும்பை ஏமாற்றித் தந்துவிட்டார் என்று மாமா சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். பட்டறைக்கு ஆள் வருவது நின்றுபோனது. நானும் பெரிய மேதாவியாட்டம் தலையாட்டினேன். அதோடு விட்டேனா? பாய் இரும்பின் யோக்கியதையை நிரூபிக்கிறேன் பேர்வழி என்று ஒரு துண்டை வெட்டி, பனியனில் சுற்றிக் கடல் தாண்டிக் கொண்டுபோனேன்.

அங்கே எங்கள் ஆய்வுக்கூடத்தில் அணுக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எண்ணும் கருவி இருந்தது. இரும்பு ஒரே கட்டியாகத் தெரிந்தாலும், உள்ளே பொடி மணிகள் வரப்பு வைத்த வயல்போல ஒட்டிக் கிடக்கும். இரும்பைக் கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனையாகச் சீவி, அந்த முனையில் சரியாக ஒரு வரப்பு வந்து மாட்ட வேண்டும். மாட்டாத ஊசிகளை எண்ணினால் அழுகை வரும். ஒருவழியாக மாட்டியது. மணிக்குள்ளே பாஸ்பரஸ் அணு அத்திபூத்தாற்போல்தான் இருந்தது. வரப்பிலோ பந்திக் கதவு திறக்கும் நேரத்துக் கல்யாணக் கூட்டம். அந்தக் கூட்டம் சேர்ந்தால் வரப்பு பலவீனமாகும், இரும்பு அங்கேதான் பிளக்கும்.

அதே இரும்பை மறுபடி காய்ச்சித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். கூட்டம் கலைந்திருந்தது. மெதுவாக ஆறிய நேரத்தில்தான் அத்தனையும் வந்து கூடியிருக்கிறது. சாம்பல் யோசனை யாருடையது? அடியேனுடையதுதான்.

இரண்டு வருடம் கழித்து லீவில் வந்ததும் மாமாவிடம் ஒப்புக்கொண்டேன். மாமா அசையவில்லை.

"நீ சொன்னது தப்பாவுமா மாப்ள? அந்த மெசினுதான் கோளாறா இருக்கும்."

வேறு வழியில்லாமல், உடைந்த கடப்பாரையின் நீளத் துண்டைத் தூக்கிக்கொண்டு மாமாவைப் பட்டறைக்கு இழுத்துப்போனேன். பாய் வாளிக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். வாளியை ஓரமாக வைத்துவிட்டுத் துண்டைக் காய்ச்சினார், தண்ணீரில் அமுக்கினார். பாதியில் நின்ற கிணற்றில் மாமாவே இறங்கிக் குத்தினார். பாறை விண்டது, கடப்பாரை அப்படியே நின்றது.

அடுத்த சந்தையில் மாமா பாயை வாயாரப் புகழ்ந்தார். தன் அக்கா மகன் வெளிநாட்டிலிருந்து வந்து தொழில் கற்றுக்கொடுத்த பிறகு பாய் வேலை பிரமாதம் என்று!

எனக்கு மானம் போயிற்று. மன்னிப்புக் கேட்கப் பட்டறைக்கு ஓடினேன். வாசலில் ஏழெட்டுப் பேர் கலப்பைக் கொழுவோடு நின்றார்கள். பாய் உலையிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்:

"விடுங்க தம்பி, வேலை வருதில்ல. இனிமே லீவுல வந்தா டீ குடிக்க மட்டும் வாங்க."