ருசி பார்க்காத விதை

பதினோரு வருஷமாக அந்தக் கடையில் நின்றே காலம் தள்ளியவளை எல்லோரும் விதையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சத்துணவுப் பொருட்கள் விற்கும் கடை. அதில் ஹெம்ப் என்கிற சணல் விதை அடுக்கு அவள் பொறுப்பு. எதிரில் யார் வந்து நின்றாலும் அவள் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"மூணு பெரிய ஸ்பூன்ல பத்து கிராம் கிட்ட புரதம் இருக்குங்க. உடம்புக்கு வேண்டிய நல்ல கொழுப்பு, மெக்னீசியம், இரும்பு, துத்தநாகம் எல்லாம் இருக்கு. ஊற வைக்க வேண்டாம், வேக வைக்க வேண்டாம். அப்படியே தூவிச் சாப்பிடலாம்."

ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வாள். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதும் பின்னறைக்குப் போய், அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து, இரண்டு துண்டு ரொட்டியைத் தேநீரில் நனைத்து விழுங்குவாள். மெல்லக்கூட அலுப்பு. வீட்டுக்குப் போனால் அண்ணன் காத்திருப்பார். முப்பது வருஷம் லாரி ஓட்டி இடுப்பைத் தொலைத்துவிட்டு, ஜன்னலோரமே கதி என்று கிடப்பவர். அவருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு அவள் பாத்திரத்தில் ஒட்டியதை வழித்துத் தின்றுவிட்டுப் படுப்பாள்.

ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்ததால் பல் தப்பியது. ரத்தம் சோதித்த டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இரும்புச்சத்து ரொம்பக் கம்மியா இருக்கும்மா. மாத்திரை எழுதறேன். ஆனா நீங்க சாப்பிடறது ஒண்ணும் உருப்படியா இல்லையே. எங்க வேலை பாக்கறீங்க?"

அவள் சொன்னாள். டாக்டரம்மா சிரித்திருந்தாலாவது தேவலை. பேனாவை மூடிவைத்துவிட்டு மருந்துச் சீட்டை நீட்டினார். அதுதான் சுருக்கென்றது.

மறுநாள் கிழிந்துபோன ஒரு பொட்டலத்தை முதலாளி தூக்கிப் போடப் போனார். "அதை நான் எடுத்துக்கவா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான்.

வீட்டில் அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "என்ன இது? கஞ்சாச் செடியோட விதை இல்ல? ஏன்மா, வயசான காலத்துல என்னை உள்ள தள்ளப் பாக்கறியா?"

"அதே இனம்தான் அண்ணா. ஆனா இதுல போதை ஏறாது. ஏறியிருந்தா நான் ஏன் இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு அலையறேன்?"

தயிரில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிச் சாப்பிட்டாள். முந்திரிப் பருப்பையும் புல்லையும் சேர்த்து மென்றமாதிரி இருந்தது. தினம் நாற்பது தடவை சொன்னதில் ஒரு தடவைகூட ருசியைப் பற்றிச் சொன்னதில்லையே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் எண்ணெயில் வறுத்துப் பார்த்தாள். கசந்து வழிந்தது. அதற்குப் பிறகு இறக்கி வைத்த சூப்பில், பிசைந்த வாழைப்பழத்தில், ரொட்டி மேல் என்று அடுப்புப் படாமலே தூவிக்கொண்டாள். உரித்த விதை சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும் என்பதால் மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தாள். களைத்து வருகிறவளுக்கு அடுப்பைப் பற்ற வைக்காமலே ஒரு வாய் உருப்படியான சாப்பாடு. அதுதான் அவளுக்குப் பெரிசாகப்பட்டது.

மூன்று மாதம் கழித்து ரத்தத்தில் கொஞ்சம் தெம்பு ஏறியிருந்தது. "மாத்திரையாலதான். அதோட ஒழுங்கா சாப்பிட்டதும் சேர்ந்துக்கிச்சு" என்றார் டாக்டரம்மா. கால் வலி மட்டும் போகவில்லை. பதினோரு வருஷ நிற்பை எந்த விதை வந்து இறக்கி வைக்கும்?

கடையில் அவள் பேச்சு குறைந்துவிட்டது. "பல்லுல ஒட்டும். ரெண்டு நாள்ல பழகிடும். அதிசயம் எல்லாம் எதிர்பார்க்காதீங்க" என்பாள். சிலர் வாங்காமல் போனார்கள். முதலாளி முறைத்தார். அவள் கண்டுகொள்ளவில்லை.

இப்போது காலையில் அண்ணன்தான் எழுந்து, விதையையும் தண்ணீரையும் மிக்ஸியில் அடித்துப் பால் எடுக்கிறார். வடிகட்டப் பொறுமை கிடையாது, திப்பி திப்பியாக இருக்கும்.

"எப்படி இருக்கு?"

"சகிக்கல அண்ணா."

"குடி, குடி."

செருப்பை மாட்டிக்கொண்டே அவள் டம்ளரை வாயில் கவிழ்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.