கொண்டை ஊசிக் கீறல்

எங்கள் ஆய்வகத்தில் அவரை நுரையக்கா என்போம். சோப்புத் தண்ணீருக்குள் எக்ஸ்ரே கதிரை விட்டு, அது சிதறுவதைப் படமெடுத்து, சோப்பு மூலக்கூறுகள் எப்படிக் கூடுகின்றன என்று பார்ப்பதிலேயே தலை நரைத்தவர்.

ஒருமுறை சோப்புத் தண்ணீர் அடைத்த கண்ணாடிக் குப்பிக்குள் காற்றுக்குமிழ் சிக்கிக்கொண்டது. அக்கா தன் கொண்டை ஊசியால் அதைத் தள்ளியதில் உட்பக்கம் கீறல் விழுந்து, எல்லாப் படத்திலும் சாய்வாக ஒரு கோடு வந்துவிட்டது. மறுநாள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, கீறலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள், கூட வேலை பார்த்தவன், இவர் தம்பி தம்பி என்று தாங்கியவன், அழுதபடி வந்தான்.

"கம்ப்யூட்டர் போச்சுக்கா. எல்லாப் படமும் அழிஞ்சிடுச்சு."

இவர்தான் அவன் கண்ணைத் துடைத்துவிட்டார்.

அடுத்த ஆண்டு கருத்தரங்கில் அந்தப் பாவி மேடையேறினான். திரையில் அதே படம், அதே கோடு.

"இந்தக் கோடுதான் என் கண்டுபிடிப்பு. மூலக்கூறுங்க எல்லாம் ஒரே பக்கமா சாயுதுன்னு காட்டுது."

அரங்கமே கைதட்டியது. நுரையக்கா எழுந்து, கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் காட்டினார்.

"அது இந்த ஊசி கீறுன கோடு தம்பி," என்றார். "அது போகட்டும். அன்னைக்கு அழுதியே, அதுவும் பொய்யா?"